அவளுக்கு மட்டும் அனுப்பிய பேய்ப்படம்

1

எங்கள் குடியிருப்பு ஆபீசில் அக்டோபர் கடைசியில் வீட்டுக்கு ஒரு காகிதப் பூசணிக்காய் கொடுக்கிறார்கள். வேஷம் போட்ட பிள்ளைகள் சாயங்காலம் மிட்டாய் கேட்டு வருவதில் ஆட்சேபம் இல்லாதவர்கள் அதைக் கதவில் ஒட்டிவைக்க வேண்டும். ஒட்டாத கதவை யாரும் தட்டக் கூடாது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட வேண்டும். அமெரிக்காவில் பேய் வருவதென்றாலும் ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

இந்த வருஷமும் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கொடைக்கானலில் இருக்கும் உங்களுக்கு ஹாலோவீன் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது, கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. உங்களுக்குத் தெரியுமே. போன வருஷம் எல்லாருமாகச் சேர்ந்துதானே பார்த்தீர்கள், நான் ஒருத்திக்கு மட்டும் அனுப்பிய படத்தை.

அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நடுவில் பொறாமை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து கொடைக்கானல் மலையில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்பா இன்றைக்கும் எங்கள் காலனி வீட்டு வரிசையை லயம் என்றுதான் சொல்வார். கேரட் காட்டில் கூலி வேலை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். திண்டுக்கல்லில் இஞ்சினியரிங் படித்தேன், சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் மே மாதம் எனக்கும் விமலாவுக்கும் கல்யாணம் நடந்தது. அவள் கொடைக்கானலில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் டீச்சர். மூன்று வாரம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை, லீவு முடிந்துவிட்டது. அவள் என் அப்பா அம்மாவோடு காலனியில் இருந்தாள். நான் இங்கே வந்துவிட்டேன். விசா வந்ததும் அவளும் வருவதாகப் பேச்சு. வந்தால் வேலை பார்க்க முடியாது, அந்த விசாவின் சட்டம் அப்படி. டீச்சர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார வேண்டும். அதனால் போனில் அவள் ஒருநாளும் "வர்றேன்" என்று சொன்னதில்லை. "பாப்போம்" என்றுதான் சொல்வாள்.

அந்த அக்டோபரில் என் டீம் லீட் டேவ் வீட்டில் படம் பார்க்கக் கூப்பிட்டார்கள். பயம் வந்தபோதெல்லாம் டேவின் மனைவி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் சோபா தலகாணியைப் பிடித்துக்கொண்டேன். பொறாமை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

3

படம் இதுதான். ஒரு சின்ன அமெரிக்க ஊர், ஒரே ராத்திரி, நாலு கதை. முதல் கதையில் ஒரு விதவைக் கிழவி. மிட்டாய் தீர்ந்துபோகிறது, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்கிறாள். கடைசியாக வந்த பிள்ளை மட்டும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. காலையில் கிழவி உயிரோடு இல்லை. இரண்டாவது கதையில் மூன்று அக்கா தங்கைகள் ஒரே மாதிரி வெள்ளை வேஷத்தில் டான்ஸுக்குப் போகிறார்கள். போய்ச் சேரும்போது நாலு பேர் இருக்கிறார்கள். மூன்றாவது கதை, பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை பார்க்கும் ஒருவன். நாலாவது, ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு ஆள். பெரிய பாத்திரம் நிறைய மிட்டாய் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். யாரும் அவன் கதவைத் தட்டுவதில்லை.

இவை தனித்தனிக் கதைகள் இல்லை என்பதுதான் விசேஷம். ஒரு கதையில் தெருவில் சும்மா நடந்துபோகிறவர் அடுத்த கதைக்குத் தலைவராகிவிடுகிறார். பெட்ரோல் பங்குக்காரனிடம் நாலு கதை ஆட்களும் வந்து போகிறார்கள். நேரம் முன்னும் பின்னுமாக மாறுகிறது.

"கட்டமைப்பு பிரமாதம்," என்றான் டேவ். என்னைக் கேட்டார்கள். நாலாவது கதைதான் பிடித்தது என்றேன். "அது கொஞ்சம் ஸ்லோ இல்லையா?" என்றாள் அவன் மனைவி. தோள் பக்கத்தில் இருந்தால் ஸ்லோவாகத்தான் இருக்கும்.

என் அபிப்பிராயம் வேறு. மற்ற மூன்று கதையிலும் பேய் வெளியிலிருந்து வருகிறது. நாலாவது கதையில் பேயே வரவில்லையே என்று அந்த ஆள் காத்திருக்கிறான். அதைவிடப் பயம் எதில் இருக்கிறது?

விமலா இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எங்களுக்குள் பொதுவாக எதுவுமே இல்லை. நான் சாப்பிடுவதை அவள் பார்க்கவில்லை, அவள் ஏறும் பஸ் எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் பார்த்தது என்று ஒன்றாவது இருக்கட்டும். டி.வி.டி. வாங்கி, மதுரைக்குப் போன ஒரு நண்பர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

4

அடுத்த வாரம் போன் பண்ணினேன். டவர் கிடைப்பதற்காக அவள் காலனி மேட்டுக்கு ஏறி நின்று பேசுவாள். காற்றுச் சத்தம் கேட்கும்.

"படம் பாத்தியா?"

"பாத்தோங்க."

"யாரு யாரு?"

"எல்லாருந்தான். ஒங்க அப்பா, அம்மா, மேரியக்கா, பஜார்ல பேக்கரிக்காரரு..."

"பேக்கரிக்காரர் எப்படி நம்ம வீட்டுக்கு வந்தார்?"

"அவரு எதுக்கு இங்க வாராரு? அவரு வீட்டு டி.வி.யில பாத்தாரு."

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. உண்டு, டி.வி.டி. பிளேயர் கிடையாது. இதை யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். பிளேயர் இல்லாதவர்கள் எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதைத்தான் விமலாவும் செய்தாள். டி.வி.டி. தட்டைக் கொண்டுபோய் கேபிள்காரனிடம் கொடுத்துவிட்டாள். அவனுக்கென்று ஒரு உள்ளூர்ச் சேனல் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு அதில் போட்டுவிட்டால், கொடுத்தவர் தன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கூடவே மலையும் பார்க்கும்.

கேபிள்காரன் பெயர் ஜெரால்டு. என்னோடு பத்தாவது வரை படித்தவன். அப்போதே என்னைவிட நன்றாகப் பேசுவான்.

"உனக்குன்னு அனுப்புனேன் விமலா."

"எனக்குன்னு அனுப்புனா நா எதுல வச்சுப் பாக்க? கையில வச்சா?"

5

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். அது கரண்டு கட் காலம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லைன் லைனாக முறை வைத்து நிறுத்துவார்கள். ஜெரால்டு பாட்டரி வைத்திருந்ததால் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் எங்கள் காலனி இரண்டு கதை பார்த்ததும் இருட்டாகிவிட்டது. பஜார் லைனுக்கு அப்போதுதான் கரண்டு வந்து, மூன்றாவது கதையிலிருந்து கிடைத்தது. ஏரிப் பக்கம் முதலும் கடைசியும் மட்டும்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நடந்ததை விமலா சொன்னாள். மேரியக்கா எங்கள் பக்கத்து வீடு, எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்.

"பாவம் அந்தக் கெழவி, கதவத் தொறக்காமலே செத்துட்டா," என்றாராம்.

பேக்கரிக்காரர் சிரித்திருக்கிறார். "எந்தக் கெழவி? பச்சைக் காருல வருமே, அதா? நல்லாத்தான இருந்துச்சு. பெட்ரோல் போட்டுட்டுப் போச்சே!"

"என்னங்க சொல்றீங்க? எங்க லைன்ல செத்துட்டா!"

"எங்க லைன்ல உசுரோட இருக்காம்மா!"

கூட நின்ற பிள்ளைகள் அம்மாக்களை ஒட்டிக்கொண்டார்களாம்.

படத்தில் மூன்றாவது கதை சாயங்காலத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது, அப்போது கிழவி உயிரோடு இருக்கிறாள், அவ்வளவுதான். முழுசாகப் பார்த்த எனக்கு அது கணக்கு. பாதி பாதியாகப் பார்த்த உங்களுக்கோ செத்தவள் வந்து பெட்ரோல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். படம் எடுத்தவரே நினைத்துப் பார்க்காத பயம் அது. அந்தப் பஸ் ஸ்டாப்பில் நானும் ஒரு ஓரமாக நின்றிருக்கலாமே என்று வயிறு எரிந்தது. முழுப் படத்தையும் பார்த்தவன் நான், ஆனால் நல்ல படத்தைப் பார்த்தது நீங்கள்.

6

திரும்பப் போடச் சொல்லி ஜெரால்டை விரட்டியிருக்கிறார்கள். படம் இங்கிலீஷில் இருந்ததால் பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஜெரால்டு ஒரு யோசனை செய்தான். காணாமல் போன மாடு, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் என்று அறிவிக்க அவன் ரூமில் ஒரு மைக் இருக்கிறது. அதன் முன்னால் விமலாவை உட்காரவைத்துத் தமிழில் சொல்லவைத்துவிட்டான்.

இதை எனக்கு விமலா சொல்லவில்லை. அப்பாதான் பெருமையாகச் சொன்னார்.

"ஏலே, ஒம் பொண்டாட்டி கொரலு டவுனு பூராங் கேக்குதுடா! நம்ம தோட்டத்துல தொரை பேசுனாக்கூட இம்புட்டுப் பேரு கேட்டதில்ல. ஆனா அந்தக் கடேசிக் கதையத்தான் நம்ம காலனியில இன்னும் பாக்க முடியல. ரெண்டாவது தடவையும் சரியா அந்த நேரத்துக்கு நம்ம லைன்ல கரண்டு போச்சாம்."

"எங்க வச்சு ரெக்கார்ட் பண்ணாங்க?"

"ரெக்கார்டா? நேராப் பேசுச்சு. ஜெரால்டு ரூம்ல. நாந்தான் வெளி வாசல்ல காவலுக்கு ஒக்காந்திருந்தேன், படமுந் தெரியல, குளுருந் தாங்கல."

அப்பா காவல் இருந்தார் என்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவர்மேலும் பொறாமை வந்தது. வாசலிலாவது உட்கார்ந்திருந்தாரே.

ஜெரால்டுக்குப் போன் போட்டேன்.

"ஏலே மாப்ள! அமெரிக்கா! என்ன இந்த நேரத்துல? ஒன் சோலியெல்லாம் முடிஞ்சுதா?"

"விமலாவ எதுக்குடா மைக்ல பேச வச்ச?"

"நீ கேட்டியா? கேட்டிருந்தா இப்படிக் கேக்க மாட்ட. டீச்சரம்மா என்னா சொல்லு சொல்லுது! முத்தம் வந்த எடத்துல நா ஒட்டன்சத்திரம் மண்டி வெளம்பரத்தப் போட்டுட்டேன், அதையுஞ் சமாளிச்சு, 'கெழங்கு வெல கேட்டுட்டு வாங்க, அதுக்குள்ள இவங்க பேசி முடிச்சுருவாங்க'ன்னுச்சு. பஜாரே சிரிச்சுச்சு. வாராவாரம் ஒரு படம் போடச் சொல்றாங்கடா."

"இனிமே வேண்டாம்."

"அத நீ அதுகிட்டச் சொல்லு. எங்கிட்டச் சொல்லாத."

அவன் போனை வைத்துவிட்டான். நேரில் நான் மூன்று வாரம்கூடக் கேட்காத குரல். அதை வாராவாரம் பேக்கரிக்காரர் கேட்கப்போகிறார்.

7

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது படத்தைப் பற்றிய அபிப்பிராயமும்கூட. வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பதை இங்கே யாரிடம் கேட்டாலும் "ஜாலிக்கு" என்கிறார்கள். அப்படியானால் மிட்டாய் இல்லை என்று விளக்கை அணைத்த கிழவி ஏன் சாக வேண்டும்? டேவிடம் கேட்டேன். "ஹாரர் படம்ப்பா, யாராவது சாகணும்," என்றான்.

விமலா மைக்கில் இப்படிச் சொன்னாளாம்: "இந்தப் புள்ளைகள்லாம் வேண்டுதலுக்கு வேஷம் கட்டியிருக்குக. மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு வேஷம் போட்டு மடிப்பிச்சை கேட்டு வருவாங்கல்ல, அது மாதிரி. வெறுங்கையா அனுப்பக் கூடாது."

அது சரியில்லை, இங்கே அப்படி ஒரு வேண்டுதல் கிடையாது. ஆனால் அப்படிச் சொன்னதும் நாலு கதைக்கும் காரணம் வந்துவிட்டது. கிழவி செய்தது சாதாரண விஷயம் இல்லை, வாசலில் வந்து நின்ற வேண்டுதலைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மேரியக்கா அழுதுவிட்டாராம். "ஒரு பிடி அரிசியாவது போட்டிருக்கலாமே பாவி மக," என்றாராம்.

டேவ் மெச்சிய கட்டமைப்பு படத்தில் இருக்கிறது. இந்தக் காரணம் படத்தில் இல்லை. அதை என் மனைவி கொண்டுவந்து போட்டிருக்கிறாள், நான் அருகில் இல்லாதபோது.

8

அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டோம்.

"ஜெரால்டு அண்ணங்கிட்ட நிறுத்தச் சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"ஏன்?"

"விசாவுக்குக் காகிதமெல்லாம் சரிபண்ணணும். அந்த வேலையப் பாரு," என்றேன். உண்மையிலேயே காகிதத்தில் தகராறு இருந்தது. எங்களைப் போலவே கப்பலில் வந்த அவள் அப்பாவின் பெயர் சிலோனில் கொடுத்த பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வந்து இறங்கியதும் மண்டபம் கேம்ப்பில் கொடுத்த அட்டையில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தாசில்தார் ஆபீசில் நின்று எழுதி வாங்க வேண்டும். இரண்டு தரம் போய்த் திரும்பியிருந்தாள்.

"காகிதம் சரியாயிரும். அங்க வந்து நா என்ன பண்ண?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க காலையில போயிட்டுச் சாயங்காலம் வருவீங்க. இங்க நா வாயத் தொறந்தா நாப்பது புள்ளைக பதில் சொல்லுதுக. சனிக்கெழம ராத்திரி பஜாரு கேக்குது. அங்க எம் பேச்சக் கேக்க யாரு இருக்கா?"

மேட்டில் காற்று அடித்தது.

"அந்த நாலாவது கதை ஆளு மாதிரி ஒக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வர்றேன். பரீட்ச முடியட்டும், ஏப்ரல் கழிச்சு வர்றேன். ஆனா வாய மூடிக்கிட்டு ஒக்கார மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

9

வந்தாள். சொன்னபடி இல்லாமல் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். வாசலைத் தாண்டினால் பேச ஆளில்லை. லிப்டில் ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள், அடுத்த மாடிக்குள் சிரிப்பு முடிந்துவிடும். பக்கத்து பிளாக் தமிழ்க்குடும்பத்துப் பிள்ளையிடம் ஆசையாகப் பேச்சுக்கொடுத்தாள். அது இங்கிலீஷில் "ஆன்ட்டி என்ன சொல்றாங்க?" என்று அதன் அம்மாவைக் கேட்டது.

ஒருநாள் இன்னொரு டி.வி.டி. வாங்கிவந்து இரண்டு பேரும் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தோம். ஒரு வருஷமாக நான் ஆசைப்பட்டது. அவள் சோபாவின் அந்த முனையில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. கரண்டு போகாமப் பாக்கையில சின்னப் படமாத் தெரியுது."

போன வாரம் ஜெரால்டு கூப்பிட்டான். சனிக்கிழமை ஹாலோவீன் வருகிறது, படத்தை மறுபடி போடச் சொல்கிறார்கள், டீச்சரம்மா இல்லாமல் பார்க்க மாட்டோம் என்கிறார்கள், போனிலேயே பேசட்டும் என்றான். மைக் பக்கத்தில் போனை வைத்துக்கொள்வானாம். அவள் முகம் பார்த்தேன். அவள் ஊரிலிருந்து வந்த பிறகு அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்காக அது ஒரு தரமாவது வந்திருக்கலாம்.

நேற்று இங்கே காலை பதினொன்றரை, அங்கே ராத்திரி ஒன்பது. ஒரே படம் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், அப்போதுதான் அவள் சொல்வது காட்சியோடு சேரும். "ரெடியா மாப்ள? ஒன்னு, ரெண்டு, அமுக்கு!" என்றான் ஜெரால்டு. ரிமோட் என் கையில். அவன் விளம்பரம் போட்டால் நான் நிறுத்த வேண்டும், அவன் "விடு" என்றால் விட வேண்டும். விமலா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எல்லாரும் சாப்புட்டாச்சா? மேரியக்கா, வெரசா வந்து ஒக்காருங்க," என்று ஆரம்பித்தாள்.

மூன்று கதை சொன்னாள். சிரிக்கவைத்தாள், குரலைத் தாழ்த்தினாள், வேஷக்காரப் பிள்ளைக்காகக் கெஞ்சினாள். என் வீட்டில், என் சோபாவுக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவ்வளவு பேச்சு இத்தனை மாதமாக எங்கே இருந்தது?

நாலாவது கதை தொடங்கும் நேரம் ஜெரால்டு கத்தினான். "போச்சு மாப்ள, இன்னிக்கு எல்லா லைனும் போச்சு! பாட்டரியும் உக்காந்துருச்சு. வந்ததும் கூப்புடுறேன்."

வீடு அமைதியானது. திரையில் அந்தப் புதிய ஆள் மிட்டாய்ப் பாத்திரத்தோடு நின்றிருந்தான். நிறுத்தலாமா என்று ரிமோட்டைத் தூக்கினேன்.

"நிறுத்தாதீங்க," என்றாள்.

"எனக்குத் தெரிஞ்ச கதைதான விமலா."

"நா சொல்லி நீங்க கேட்டதில்லையே."

திரும்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். மைக்குக்கான குரலை விட்டுவிட்டாள். "இந்த மனுசன் ஊருக்குப் புதுசு," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "பாத்திரம் நெறைய வாங்கி வச்சிருக்காரு. குடுக்க ஆளில்ல. வேஷக்காரங்க வராததுக்கு இவரு மேல தப்பில்ல. வழி தெரியல அவங்களுக்கு, அவ்வளவுதான். தூரத்துல இருந்து வர்றவங்க, கொஞ்சம் லேட்டாத்தான் ஆகும்." படத்தில் இப்படி எதுவும் இல்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

போன் அடித்தது. மலையில் கரண்டு வந்துவிட்டது போல.

அவள் எழுந்திருக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசை. எழுந்தாள். "ஆங், சொல்லுங்கண்ணே. எங்க மாமனாரும் பாக்குறாரா? இந்தத் தடவ நம்ம லைனுக்கும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினாள். நான் ரிமோட்டை எடுத்து, நாலாவது கதையை முதலிலிருந்து வரும்படி பின்னால் ஓட்டிக் கொடுத்தேன்.